வேலைக்கு வரைகிறேன், எனக்காக வரைய முடியவில்லை: கேள்வி பதில்

விளம்பர நிறுவனம், கேம் ஸ்டுடியோ, பத்திரிகை, அச்சகம் என்று சம்பளத்துக்கு வரைகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வந்தது. வேலை ஒழுங்காக நடக்கிறது. சொந்தமாக ஒரு கோடு போடக் கை எழவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, மொபைல் கேம் நிறுவனத்தில் பின்னணி ஓவியர்): அக்கா, தினமும் ஒன்பது மணி நேரம் வரைகிறேன். வீட்டுக்கு வந்தால் டேப்லெட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை. சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: ஒன்பது மணி நேரம் வரைந்தவரை யார் சோம்பேறி என்பார்கள், தம்பி? முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு விடுமுறை நாளில், மதியம் வரை திரையே பார்க்காமல் இருந்துவிட்டு, மேசையில் ஒரு தாளும் ஒரு பேனாவும் மட்டும் வையுங்கள்.

கை தானாகப் போய் வரைய ஆரம்பித்தால் உங்களுக்கு இருப்பது உடல் களைப்பு மட்டுமே. வார நாள் இரவுகளில் வரைய முயல்வதை நிறுத்திவிட்டு, காலையில் அலுவலகம் போகுமுன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வரைய ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எரிச்சல் வந்து தாளைக் கிழித்தால், வேலைக்காகப் பழக்கிய கண் அணையாமல் இருக்கிறது என்று பொருள். நாள் முழுக்கப் பிழை தேடிய கண், உங்கள் கிறுக்கலிலும் பிழைதான் தேடும்.

தாளைப் பார்த்தபடி என்ன வரைவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அது மூன்றாவது வகை. இதுதான் அதிகம் பேருக்கு இருக்கிறது, ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது. வேலையில் அளவு, பொருள், வண்ணம், கெடு எல்லாமே பிரீஃபில், அதாவது கிளையண்ட் தரும் வேலைக் குறிப்பில், வந்துவிடுகின்றன. எதை வரைவது என்று முடிவெடுக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. ஆசை போகவில்லை, தேர்வு செய்யும் பயிற்சி போயிருக்கிறது.

பேனாவைப் பார்த்தாலே வெறுப்பு, அதோடு வேறு எதிலும் ஆர்வமில்லை, தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் ஓவிய ஆலோசனை போதாது. மருத்துவரைப் பாருங்கள். அதை ஓவியச் சிக்கலாக நினைத்து நாள் கடத்த வேண்டாம்.

கேள்வி (மதுரை, திருமணப் பத்திரிகை வடிவமைப்பாளர்): எனக்கு நீங்கள் சொல்லும் மூன்றாவது வகைதான் என்று தோன்றுகிறது. வெற்றுத் தாள் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்கு நீங்களே பிரீஃப் எழுதுங்கள். பிரீஃபைப் பார்த்து வேலை செய்வது உங்கள் பலம், அதை ஏன் வீட்டில் கழற்றி வைக்க வேண்டும்? ஒரே பொருள், ஒரே அளவு, அதிகபட்சம் இரண்டு கருவி, எத்தனை படம் என்ற எண்ணிக்கை. இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உதாரணமாக: "தெருவில் உள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், தபால் அட்டை அளவு, கறுப்பு மை மட்டும், 12 படம்." தபால் அட்டை என்றால் 14 செ.மீ. x 9 செ.மீ. இருபது நிமிடத்தில் நிரம்பிவிடும்.

ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை மட்டுமே 100 கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், ஒரே கறுப்புக் கோடு. பொருள் முன்பே முடிவாகிவிட்டால் மனம் முழுவதும் கோட்டின் மேல் போகும்.

நீங்கள் நூறில் தொடங்க வேண்டாம். பன்னிரண்டு போதும். ஒரு மாதம் தினமும் வரையும் சவால்களில் பாதியில் நிற்பவர்களுக்கு நேர்வது இதுதான்: ஒரு நாள் தவறுகிறது, கடன் ஏறுகிறது, ஏறிய கடன் கெடுவாக மாறுகிறது. கெடு வந்துவிட்டால் அது மறுபடி வேலை. அதனால் பிரீஃபில் எண்ணிக்கை இருக்கட்டும், தேதி வேண்டாம்.

கேள்வி (கோவை, விளம்பர நிறுவனம்): கோடு போடும்போதே "இதற்கு கிளையண்ட் என்ன திருத்தம் சொல்வார்" என்று மனம் ஓடுகிறது. காசு வாங்கியதால்தான் ஓவியம் கெட்டதா?

பதில்: காசைக் குற்றம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே பரிசு. மற்றவர்களுக்குப் பரிசே இல்லை. பிறகு விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக, பரிசு கையில் வந்தது கெடுக்கவில்லை. பரிசை முன்னால் வைத்து வரைந்ததுதான் கெடுத்தது.

உளவியலாளர் தெரசா அமாபிலேயும் அவர் குழுவினரும் 1990களில் தொழில்முறை ஓவியர்களின் படைப்புகளை, எது பிறர் கேட்டு வரைந்தது, எது தாமாக வரைந்தது என்று நடுவர்களுக்குச் சொல்லாமல் மதிப்பிடவைத்தார்கள். கேட்டு வரைந்தவை புதுமையில் பின்தங்கின. கைத்திறனில் வித்தியாசம் இல்லை. உங்கள் கை அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

கிளையண்ட் குரலை அடக்க நேரடி வழி, திருத்தவே முடியாத கருவியை எடுப்பது. பென்சிலும் அழிப்பானும் வேண்டாம். மை போதும். போட்ட கோடு போட்டதுதான் என்றால், திருத்தம் சொல்லும் குரலுக்கு வேலை இல்லை. தொடங்கும்போதே ஃபோனில் மணி வைத்து, அது அடித்ததும் நிறுத்துங்கள், படம் முடிந்திருக்கிறதா என்று பார்க்காமல். முடித்து மெருகேற்றும் கடைசி 10 சதவீதத்தில்தான் அலுவலகம் உள்ளே நுழைகிறது.

கேள்வி (திருச்சி, ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேட்டர்): மறுபடி தாளில் தொடங்க நினைக்கிறேன். பத்து வருடமாக டிஜிட்டல் மட்டும். என்ன வாங்கலாம்?

பதில்: குறைவாக, மலிவாக வாங்குங்கள். விலை உயர்ந்த 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பருத்தித் தாளை வாங்கினால், அதைக் கெடுக்கக் கூடாது என்ற பயத்திலேயே அது அலமாரியில் கிடக்கும்.

மைக்கு: 130 முதல் 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த வரைதாள்), ஏ5 அளவு. மேலே தண்ணீர் வண்ணம் பூசப்போகிறீர்கள் என்றால் 200க்குக் குறைந்த தாள் அலைபோல் வளையும். சாதாரண ஃபவுண்டன் பேனா மை தண்ணீர் பட்டதும் கரையும். நீர்புகா டிராயிங் மை கரையாது, ஆனால் அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். பேனா போனது போனதுதான். தொட்டு எழுதும் நிப்பில் மட்டும் அந்த மையைப் பயன்படுத்தி, உடனே கழுவுங்கள்.

வண்ணத்துக்கு: போஸ்டர் கலரில் மூன்று புட்டியும் வெள்ளையும். சிவப்பு, மஞ்சள், நீலம் போதும். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். அதனால் இரண்டாவது பூச்சைத் தண்ணீராகப் போட்டால் அடியில் உள்ளது கிளம்பிச் சேறாகும். மேல்பூச்சு தயிர்ப் பதத்தில், ஒரே இழுப்பில், தேய்க்காமல்.

மூன்றாவதாக ஒன்று, என் விருப்பம்: கரித்துண்டும் ஏ2 அளவுப் பத்திரிகைத் தாளும். சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். டேப்லெட்டில் வருடக்கணக்கில் அசைந்தது மணிக்கட்டும் விரலும் மட்டுமே. தோள் வரையும்போது உங்கள் பழகிய கோடு வரவே வராது. அது நல்லது.

தாள் வாங்க வழியில்லை, டேப்லெட்தான் என்றால் இந்தக் கட்டுப்பாடுகள்: ஒரே லேயர் (அடுக்கு), ஒரே பிரஷ், பெரிதாக்கிப் பார்ப்பதில்லை, போட்டதை ரத்து செய்யும் அன்டு இல்லை. முடிந்தால் வேலைக் கோப்புகளே கண்ணில் படாத தனிக் கணக்கு. பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கிய கணமே அச்சுக்கு அனுப்பும் மனநிலை வந்துவிடும்.

கேள்வி (பெங்களூரு, அனிமேஷன்): எதை வரைந்தாலும் கம்பெனி ஸ்டைல்தான் வருகிறது. என் ஸ்டைல் எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை. கை, மிகுதியாகச் செய்ததை முதலில் செய்கிறது. நினைவிலிருந்து வரைந்தால் கம்பெனி முகம்தான் வரும். அதனால் ஆறு வாரம் கற்பனையில் எதையும் வரையாதீர்கள். எதிரில் இருப்பதை மட்டும்: பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள், காய்கறிக் கடை, கழுவாத பாத்திரங்கள். ஆளை வரையும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண்ணை எப்போதும் உருண்டையாகப் போடுகிறீர்களா? கண்ணே போடாமல் நிழல் மட்டும் போடுங்கள். எந்த உறுப்பைப் பழக்கத்தில் எப்போதும் ஒரே மாதிரி போடுகிறீர்களோ அதை முதலில் விலக்குவதுதான் சூட்சுமம்.

கேள்வி (சேலம்): மணிக்கட்டு வலிக்கிறது, ஆனாலும் விடக் கூடாது என்று இரவில் வரைகிறேன். சரியா?

பதில்: சரியில்லை. வலியோடு வரையாதீர்கள். விரல் மரத்துப்போவது, இரவில் கை கூசுவது இருந்தால் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கை போனால் வேலையும் போகும், படமும் போகும்.

கேள்வி (சென்னை, கேம் நிறுவனம்): வேலை ஒப்பந்தத்தில் "ஊழியர் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே" என்று இருக்கிறது. எதற்கு வரைய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பதில்: ஆர்வம் போவதற்கு இது மெய்யான காரணம், தீர்க்கவும் முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 17ஆம் பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ், பணியின் போக்கில் உருவாக்கியதற்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். வேலை நேரத்துக்கு வெளியே, உங்கள் கருவியில், பணிக்குத் தொடர்பில்லாமல் வரைந்தது பொதுவாக இதற்குள் வராது. ஆனால் ஒப்பந்த வாசகம் அதையும் விரித்துப் பிடிக்கலாம். ஆகவே வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, "சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் வரையும் படங்கள் எனக்கே" என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். கம்பெனி மடிக்கணினி, கம்பெனி உரிமத்தில் உள்ள மென்பொருள், கம்பெனி மின்னஞ்சல் எதையும் சொந்தப் படத்துக்குத் தொடாதீர்கள்.

ஃப்ரீலான்ஸர்களுக்கும் ஒரு வார்த்தை. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக வரைந்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அதே பிரிவுதான். "வரைந்தது நான்தானே" என்று நம்பி எழுதாமல் விடுகிறவர்கள் நிறைய.

கேள்வி (யாழ்ப்பாணம், பதிப்பகத்தில் அட்டை ஓவியர்): சொந்தப் படங்களை விற்கலாமா? விற்றால் மறுபடி அதே கதைதானே?

பதில்: வரைந்து முடித்ததை விற்கலாம், விற்பதற்காக வரையத் தொடங்காதீர்கள். மேலே சொன்ன குழந்தைகள் சோதனையிலும் வித்தியாசம் அதுதான். நடைமுறையில்: ஒரு தொடர் முழுவதும் முடிந்த பிறகே யாருக்கும் காட்டுவது. ஒரு படம் பிடித்துப்போய் "இதேபோல் எனக்கு இன்னொன்று" என்று கேட்டால், அதை வேலைக் கணக்கில் எழுதி, வேலைக்குரிய விலை சொல்லுங்கள். பதிவிடுவதற்கும் இதே விதி. படம் காய்வதற்குள் ஃபோனில் ஏற்றினால், அடுத்த படத்தின் பொருளை விருப்பக்குறிகள் தேர்ந்தெடுக்கும்.

கேள்வி (புதுச்சேரி): பிழைப்புக்கும் வரைந்து தனக்கும் வரைந்தவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, அல்லது வேலையை விட்டால்தான் முடியுமா?

பதில்: நிறைய இருக்கிறார்கள், நம் ஊரிலேயே. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அந்த ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் ஓவியத்துக்கு வழி செய்துகொண்டார்கள். துணியில் மெழுகும் சாயமும் வருமானத்துக்கு; கேன்வாஸ் தனக்கு. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் பத்திரிகைப் படங்கள் வரைவதை வெறுத்தபடியே பல ஆண்டுகள் செய்தார். அந்த நாட்களில், 1915 முதல், அவர் தனக்காகச் செய்ததில் முக்கியமானது எட்சிங், அதாவது தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்செடுப்பது: செப்புத் தகடு, கறுப்பு மை, சிறிய அளவு. 1924இல் நீர்வண்ணக் கண்காட்சி விற்றுத் தீர்ந்த பிறகுதான் அந்தப் பிழைப்பை விட்டார்.

இரண்டிலும் பிழைப்புக்கான கருவியும் தனக்கான கருவியும் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் நாள் முழுதும் திரையில் வரைகிறவர் என்றால் உங்களுக்கானது களிமண்ணாகவோ லினோ வெட்டாகவோ (லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுப்பது) இருக்கலாம். வேலையை விட வேண்டுமா என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். ஒரு தொடர், பன்னிரண்டு படம், வேலையில் தொடாத ஒரு கருவியில் முடியுங்கள். முடித்த பிறகும் விடத் தோன்றினால், கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேசலாம்.