பலகை விளையாட்டைப் போல் ஆடும் கன்சோல் விளையாட்டு: ‘கல்ட்செப்ட்’ வாங்குவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: பழைய கன்சோல் விளையாட்டுகளை விற்கும் ஒருவரிடம் பிளேஸ்டேஷன் 2-க்கான ‘கல்ட்செப்ட்’ ஆங்கிலப் பதிப்பு இருக்கிறது. மேலுறையைத் திருப்பிப் பார்த்தால் கட்டம் கட்டமாக ஒரு பலகை, சில சீட்டுகள், ஒரு பகடை ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. விற்பவரோ விலையைக் குறைக்க மறுக்கிறார். கேட்கும் பணத்துக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். அதே காலத்தில் பெரும் பொருட்செலவில் வெளிவந்த விளையாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால், இது தோற்றத்தில் மிக எளியது. ஆனால் படங்களின் பளபளப்பை மட்டும் பார்த்து விலையை எடைபோடுவது இந்த விளையாட்டுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஜப்பானைச் சேர்ந்த ஓமியாசாஃப்ட் என்னும் சிறிய நிறுவனம் 1997-இல் சேகா சாட்டர்ன் கன்சோலுக்காக முதல் ‘கல்ட்செப்ட்’டை உருவாக்கியது. அங்கு அதற்கென ஒரு கூட்டம் சேர்ந்து, அடுத்தடுத்த பதிப்புகளும் வந்தன. 2002-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளிவந்த பதிப்புதான், 2003-இல் என்ஈசி இன்டர்சேனல் நிறுவனத்தின் வழியாக ஆங்கிலத்தில் வட அமெரிக்கக் கடைகளுக்குச் சென்றது. அங்கே அது அதிகம் கவனிக்கப்படாமல் போனது.

நம் வீடுகளில் கோடை விடுமுறையில் ஆடும் ‘பிசினஸ்’ விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பகடை உருட்டுகிறோம், காய் நகர்கிறது, காலியாக இருக்கும் இடத்தை நமதாக்கிக்கொள்கிறோம், பிறர் அதில் வந்து நின்றால் வாடகை வாங்குகிறோம். இதுவரை இரண்டும் ஒன்றே. ‘கல்ட்செப்ட்’டில் இடத்தைப் பணம் கொடுத்து வாங்குவதில்லை, கையில் உள்ள ஓர் உயிரினச் சீட்டை அங்கே காவலுக்கு வைத்தால்தான் அந்த நிலம் நமதாகும். வேறொருவர் நம் நிலத்தில் வந்து நின்றால் அவர் சுங்கத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். கட்ட மனமில்லை என்றால் தம் சீட்டு ஒன்றை இறக்கிச் சண்டைக்கும் வரலாம். விளையாட்டின் உயிர் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சண்டையைக் கணக்குப் போட்டுக் காட்டினால் இது விளங்கும். உங்கள் காவல் உயிரினத்தின் உயிரளவு 40 என்று வைத்துக்கொள்வோம். அது நெருப்புத் தன்மை கொண்டது, நிற்பதும் மூன்றாம் நிலைக்கு உயர்த்தப்பட்ட நெருப்பு நிலம் என்றால், நிலத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 10 வீதம் 30 கூடுகிறது. ஆக உயிரளவு 70. எதிராளியின் உயிரினத்துக்குத் தாக்கும் வலிமை 40 மட்டுமே. ஆனால் அவர் கையில் 40 கூட்டித் தரும் ஆயுதச் சீட்டு ஒன்று இருந்தால் அடி 80 ஆகி, உங்கள் காவல் விழுந்துவிடும். நீங்கள் பாடுபட்டு உயர்த்திய நிலமும் அவருக்குப் போய்விடும். நீங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 20 கூட்டித் தரும் கவசத்தைப் போட்டால் 90 ஆகிப் பிழைத்து, திருப்பியும் அடிப்பீர்கள். அவர் நிலத்தைப் பிடிக்கத் தவறினால் சுங்கத்தைக் கட்டியே ஆக வேண்டும். யார் எந்தச் சீட்டைச் செலவழிப்பார்கள், இப்போதே செலவழிப்பதா அல்லது அடுத்த சுற்றுக்கு வைத்திருப்பதா என்ற தயக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருபக்கமும் இருக்கும். ஒரே திரையில் ஆடும்போது ஒருவர் கைச்சீட்டு மற்றவர்களுக்கும் தெரியும் என்பதால், இது ஊகத்தைவிடத் திட்டத்தைச் சோதிக்கும் ஆட்டமாகவே அமைந்திருக்கிறது.

இதற்கு மேல், ஆடுவதற்கு முன்பே 50 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை நீங்களே தொகுக்க வேண்டும்; ஒரே சீட்டின் நான்கு படிகளுக்கு மேல் அதில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் புதிய சீட்டுகள் கிடைக்கும்; தோற்றாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கையிருப்பும் நிலங்களின் மதிப்பும் சேர்ந்து குறித்த இலக்கை எட்டிய பிறகு, ஆட்டம் தொடங்கிய கட்டமான கோட்டைக்குத் திரும்பி வந்து சேர்பவரே வெற்றி பெறுவார். இலக்கை எட்டிவிட்டுக் கோட்டைக்கு மூன்று கட்டம் தள்ளி நிற்கும் எதிராளியை, கடைசி நேரத்தில் ஒரு மந்திரச் சீட்டால் தடுத்து நிறுத்துவதில் உள்ள மகிழ்ச்சியை, பன்மடங்கு செலவில் எடுத்த பல விளையாட்டுகளில் நான் கண்டதில்லை.

ஆகவே, பலகை விளையாட்டும் சீட்டாட்டமும் பிடித்தவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வேகமான சண்டையும் ஓட்டமும் எதிர்பார்ப்பவர் வாங்க வேண்டாம். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்தை எளிதாகத் தாண்டும். அவ்வளவு நேரம் பொறுமையாக ஆடிய பிறகும், பகடை ஒருமுறை தவறான எண்ணைக் காட்டியதால் தோற்க நேரிடும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு எந்த விலையிலும் இது லாபமாகாது.

கேள்வி: இந்தியாவில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2 என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் இந்த டிஸ்க்கை வாங்கிவரச் சொல்லலாமா? இணையத்தில் ஜப்பானியப் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: உறவினரிடம் சொல்வதற்கு முன்பு உங்கள் கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் விவரத்தைப் படியுங்கள். இந்தியாவில் முறைப்படி விற்கப்பட்ட பிளேஸ்டேஷன் 2, இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறையான பி.ஏ.எல். வகையைச் சேர்ந்தது. வட அமெரிக்க டிஸ்க், அங்குள்ள தொலைக்காட்சி முறையான என்.டி.எஸ்.சி. வகை, மாற்றம் எதுவும் செய்யாத பி.ஏ.எல். கன்சோல் அதை ஏற்காது. உறையின் முதுகில் உள்ள குறியீடு எஸ்எல்யுஎஸ் என்று தொடங்கினால் அது வட அமெரிக்கப் பதிப்பு; எஸ்எல்பிஎம் அல்லது எஸ்எல்பிஎஸ் என்று தொடங்கினால் ஜப்பானியப் பதிப்பு. விற்பவர் படத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டினால், முதுகுப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். உறவினர் அங்கேயே பயன்படுத்திய அமெரிக்க கன்சோல் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதன் மின்சாரத் தேவையை அடையாளச் சீட்டில் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர்ச் சுவர்ப் பிளக்கில் சொருக வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதை அவசரத்தில் மறந்துவிட வேண்டாம்.

ஜப்பானியப் பதிப்பை, அந்த மொழி படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கதையைப் படிக்காமலும் ஆடிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். கார் ஓட்டும் விளையாட்டுக்கு அது பொருந்தலாம். இங்கே ஒவ்வொரு சீட்டின் மேலும் அதற்கே உரிய விதி எழுதியிருக்கிறது, அவ்விதியைப் படிக்காமல் ஒரு சுற்றைக்கூட உருப்படியாக ஆட இயலாது. மலிவு என்று வாங்கி அலமாரியில் வைப்பதைவிட வாங்காமல் இருப்பதே சிக்கனம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டிஸ்க்கைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்? வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஆட நினைக்கிறோம்.

பதில்: முதலில் மெமரி கார்டு. நீங்கள் சேர்க்கும் சீட்டுகள் அனைத்தும் டிஸ்க்கில் அல்ல, 8 எம்பி மெமரி கார்டில்தான் பதிவாகின்றன. பல மாதங்கள் ஆடிச் சேர்த்ததெல்லாம் ஒரு போலிக் கார்டு கெட்டுப்போனால் ஒரே நாளில் அழிந்துவிடும். அதனால் விளையாட்டுக்குப் பேரம் பேசி மிச்சம் பிடித்த பணத்தை, சோனியின் அசல் மெமரி கார்டு வாங்கச் செலவிடுங்கள். முடிந்தால் இரண்டாவது கார்டில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.

நான்கு பேர் ஆட மல்டிடேப் என்னும் இணைப்பான் தேவைப்படும், ஏனெனில் பிளேஸ்டேஷன் 2-இல் கன்ட்ரோலருக்கு இரண்டு துளைகள்தான் உண்டு. தடித்த பழைய மாடலுக்கும் பின்னர் வந்த மெல்லிய மாடலுக்கும் சோனி வெவ்வேறு மல்டிடேப்களை வெளியிட்டது. உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று விற்பவரிடம் தெளிவாகச் சொல்லி, அதற்குரியதைக் கேளுங்கள்.

டிஸ்க்கின் அடிப்பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வட்டமாகச் சுற்றியோடும் ஆழமான கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பகுதி ஊதா நிறம் காட்டினால் அது வீட்டில் எழுதிய நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்; அசல் விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கையடக்கக் கன்சோலான நிண்டெண்டோ 3டிஎஸ்-க்கு வந்த ‘கல்ட்செப்ட் ரிவோல்ட்’ பெட்டியில் இணையம் வழியாக மற்றவர்களோடு ஆடலாம் என்று இருக்கிறது. ஒருவர் அதை இணையக் கடையிலிருந்து இறக்கிக்கொள்ள உதவும் குறியீட்டையும் (டவுன்லோட் கோடு) குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: டவுன்லோட் கோடை வாங்காதீர்கள். 3டிஎஸ்-க்கான இணையக் கடையான நிண்டெண்டோ இ-ஷாப் 2023 மார்ச் 27-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. அதைத் தொடர்ந்து புதிய கோடுகளைப் பதிவுசெய்யும் வழியும் அடைபட்டது. இதைத் தெரிந்தே விற்பவரும் இருக்கலாம், தெரியாமல் விற்பவரும் இருக்கலாம். பணம் உங்களுடையது என்பதால் நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட இணைய ஆட்டமும் இப்போது இல்லை. 3டிஎஸ் இணையச் சேவையை நிண்டெண்டோ 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. பெட்டி 2017-இல் சொன்ன சொல்லை இன்று யாரும் காப்பாற்றப் போவதில்லை என்பதை, விலை பேசும்போது நீங்கள் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம்.

இருந்தும் கார்ட்ரிட்ஜை வாங்குங்கள் என்றே சொல்வேன். கதைப் பகுதியும் கணினியோடு ஆடும் ஆட்டமும் இணையம் இல்லாமலேயே முழுமையாக நடக்கும். சீட்டுப் பொட்டலங்களை விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் காசில்தான் வாங்குகிறோம். அது நம் சட்டைப்பைப் பணத்தைக் கேட்பதே இல்லை. நீண்ட ஆட்டத்தின் நடுவில் மூடியை மடித்து வைத்துவிட்டு வேலையை முடித்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி. இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, 3டிஎஸ் கன்சோலுக்கும் மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்கக் கார்ட்ரிட்ஜுக்கு அமெரிக்கக் கன்சோலும், ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜுக்கு ஐரோப்பியக் கன்சோலும் வேண்டும். மற்றொன்று, பதிவுகள் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால் முந்தைய உரிமையாளரின் ஆட்டம் அதில் மிச்சமிருக்கக்கூடும். சீட்டுகளை ஒன்றொன்றாகச் சேர்ப்பதில்தான் பாதி இன்பம் இருக்கிறது; ஆகையால் பழைய பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் 360-இல் வந்த ‘கல்ட்செப்ட் சாகா’ எப்படி?

பதில்: 2006-இல் ஜப்பானிலும் 2008-இல் வட அமெரிக்காவிலும் வந்த இப்பதிப்பு, பெரிய தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு மற்ற இரண்டையும்விடத் தெளிவானது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடை 2024 ஜூலை 29-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டதால் டிஸ்க்காகத்தான் தேட வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே அந்தக் கன்சோல் இருந்து, டிஸ்க்கின் மண்டலமும் பொருந்தினால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இதற்காக மட்டும் கன்சோல் வாங்க வேண்டாம்.

கேள்வி: பழைய கன்சோல், மண்டலப் பூட்டு என்று இவ்வளவு அலைச்சல் எனக்கு வேண்டாம். குடும்பத்தோடு ஆட, இதே வகையில் இப்போது கிடைக்கும் விளையாட்டு இருக்கிறதா?

பதில்: நிண்டெண்டோ ஸ்விட்ச் இருந்தால் 2023-இல் வந்த ‘டோக்கபோன் கிங்டம்: கனெக்ட்’ பாருங்கள். பிளேஸ்டேஷன் 2 காலத்து விளையாட்டு ஒன்றைத்தான் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம், ஸ்விட்ச் கன்சோலுக்கு மண்டலப் பூட்டுத் தொல்லையும் இல்லை. இதிலும் பலகை, பகடைக்குப் பதிலாகச் சுழலும் சக்கரம், சண்டை எல்லாம் உண்டு; ஆனால் சீட்டுக்கட்டைத் தொகுக்கும் வேலை இல்லை, அதிர்ஷ்டத்தின் பங்கும் மிக அதிகம். ஒருவர் சேர்த்ததை மற்றவர் பறித்துக்கொள்வதே இதன் போக்கு என்பதால், தோற்றால் அழும் வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் சில வருடங்கள் பொறுத்து வாங்குவது நல்லது.