வாலில் ஏறிய பத்து கிராம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரிமோட்டில் பறக்கும் அட்டை விமானம் பற்றி நான் எழுதிய நாலு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஏற்கெனவே ஒன்றைக் கட்டி, விழவிட்டு, ஒட்டி, மறுபடியும் விழவிட்டவர்கள். நம்ம ஆட்கள்தான்.

“ஃப்ளைட் டெஸ்ட் (அட்டை விமான வரைபடங்களை வெளியிடும் அமெரிக்கக் குழு) வரைபடத்தை அச்செடுத்து, போர்டு எழுதும் கடையில் 5 மி.மீ. சன்போர்டு வாங்கிக் கட்டினேன். எறிந்தால் பத்தடியில் தரையைக் குத்துகிறது. பெரிய மோட்டார் போடவா?” – கல்லூரி மாணவர், திண்டுக்கல்

மோட்டாரை விடுங்கள் தம்பி, அட்டையை மாற்றுங்கள். சன்போர்டு என்பது பிவிசி பிளாஸ்டிக். விளம்பரப் பலகைக்கு ஆனது. உங்களுக்கு வேண்டியது நடுவில் நுரையும் இரண்டு பக்கமும் காகிதமும் உள்ள ஃபோம் போர்டு. அந்த வரைபடங்கள் அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கும் 20க்கு 30 அங்குல அட்டையை மனதில் வைத்துப் போட்டவை. அதில் ஒரு தாள் சுமார் 115 கிராம்தான். அதே அளவு சன்போர்டைத் தராசில் வைத்தால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். நான் கடைக்குப் போகும்போது வீட்டு எலக்ட்ரானிக் தராசையும் பையில் போட்டுக்கொண்டு போவேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

“மூன்று சேனல் (மோட்டார், ஏற்ற இறக்கம், திருப்பம் என மூன்று கட்டளை) விமானம் நன்றாகத்தான் பறந்தது. எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) சேர்த்தேன், சர்வோவை (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்) வாலுக்கே கொண்டுபோனேன், வாலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். இப்போது எழும்பியதும் மூக்கைத் தூக்கி, ஒரு பக்கமாகப் புரண்டு விழுகிறது. எய்லரான்தானே காரணம்?” – வாசகர், விருதுநகர்

மூன்றையும் ஒரே ராத்திரியில் செய்துவிட்டு எது காரணம் என்று கேட்டால் நான் என்ன ஜோசியனா? இருந்தாலும் எனக்குச் சந்தேகம் எய்லரான் மேல் இல்லை, வால் மேல்தான்.

கணக்குப் போடுவோம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வாலை எவ்வளவு கீழே இழுக்கிறது என்று தெரியும். 9 கிராம் சர்வோவை 45 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தியிருக்கிறீர்கள். 9ஐ 45ஆல் பெருக்கினால் 405. இரண்டு பூச்சுப் பெயிண்ட் பத்து கிராம் என்று வையுங்கள். இறக்கையிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருப்பதால் அது 500. ஆக 905. இதைச் சரிக்கட்ட உங்கள் 180 கிராம் பேட்டரியை ஐந்து சென்டிமீட்டர் முன்னே தள்ள வேண்டும். மூக்குக்குள் அவ்வளவு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுதான் கதி. வாலில் சேர்ந்த பத்து கிராமுக்கு மூக்கில் இருபது, இருபத்தைந்து கிராம் கொடுத்தாக வேண்டியிருக்கும். அதனால் முதலில் சர்வோவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வாலுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையே நீட்டிவிடுங்கள்.

சோதிப்பது சுலபம். இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 20 சென்டிமீட்டர் என்றால் முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டரில் இரண்டு பக்கமும் பென்சிலால் குறி வையுங்கள். பேட்டரியை மாட்டியபடி அந்தக் குறியில் இரண்டு விரல் நுனியால் தூக்குங்கள். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் சரி. வால் தொங்கினால் அன்றைக்குப் பறக்கவிடாதீர்கள்.

நான் விட்டேன். பேரன் ஆசைப்பட்டான் என்று வால் நுனியில் ஒரு எல்இடி சரத்தை ஒட்டிவிட்டு, விரல் வைத்துப் பார்க்காமலே கண்மாய்க்குப் போய்விட்டேன். எழும்பியது, நடுவானில் ஒரு கணம் நின்றது, அப்புறம் புரண்டு சீமைக்கருவேலத்துக்குள் போய் விழுந்தது. முள்ளிலிருந்து எடுத்து வர முக்கால் மணி நேரம். முப்பது வருஷம் ஐடிஐயில் பிள்ளைகளுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்! பேரன் அதை இன்னும் விடவில்லை.

எய்லரான் விஷயத்தில் இரண்டே கேள்வி. மூன்று சேனலில் ரட்டரால் (வாலில் நிற்கும் சுக்கான்) மட்டும் திரும்புவதற்காக இறக்கையை ‘வி’ மாதிரி மடித்திருப்பீர்கள். அதைக் கொஞ்சம் தட்டையாக்கினீர்களா? அப்புறம், விமானத்தின் பின்னால் நின்று ரிமோட்டின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே வருகிறதா? கீழே போனால் தலைகீழாக இணைத்திருக்கிறீர்கள். இதைத் தரையில் பார்க்காமல் உடைத்தவர்கள் ஏராளம்.

பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை: ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் கரைப்பான், காகிதம் இல்லாத ஓரங்களில் நுரையைத் தின்றுவிடும். கலர் டேப் போதும்.

“2200 கேவி மோட்டாரில் 10 அங்குல ப்ரொப்பெல்லர் போட்டேன். இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) புகைந்துவிட்டது. மட்டமான சரக்கா?” – வாசகர், ஓசூர்

சரக்கைக் குறை சொல்லாதீர்கள். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 11.1 வோல்ட் பேட்டரியில் சுமை இல்லாமல் 24,000க்கு மேல் சுற்றப் பார்க்கும் மோட்டார் அது. அதில் பெரிய ப்ரொப்பெல்லர் போட்டால் மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுத்து இஎஸ்சியைப் புகைத்துவிடும். அதற்கு 6 அங்குலம்தான் சரி. 10 அங்குலம் வேண்டும் என்றால் 1000 கேவி வாங்குங்கள்.

“நான் இருப்பது அவனியாபுரம். மொட்டை மாடியிலிருந்து விடலாமா?” – வாசகி, மதுரை

வேண்டாம் அம்மா. பக்கத்திலேயே விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் சிவப்பு, எது மஞ்சள், எது பச்சை என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடம் காட்டும். பச்சையில் ஒரு காய்ந்த கண்மாயாகப் பார்த்து, விடிந்ததும் ஏழரைக்குள் பறக்கவிட்டுத் திரும்புங்கள். ஆடி மாதம் மட்டும் வேண்டாம். அம்மியே பறக்கும் காற்றில் அரைக் கிலோ அட்டை எம்மாத்திரம்?

“எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி கேட்கிறான். வெடிக்கும் என்கிறார்களே?” – ஒரு தாய், தேவகோட்டை

பயம் நியாயம்தான். எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏறக்கூடாது. மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடட்டும்; ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிப்பதாக இருந்தால் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடட்டும். விரல் போய்விடும். பேட்டரி ஊதிப்போனால் அதோடு அதன் கதை முடிந்தது. “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சுவான். சார்ஜரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.