நள்ளிரவுப் பின்னூட்டங்களும் வராத தூக்கமும்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு கைத்தொலைபேசியில் செய்தியும் அதன் கீழுள்ள பின்னூட்டங்களும் வாசிப்பேன். ஒரு மணியாகிவிடும். நெஞ்சு படபடக்கிறது. மறுநாள் ஒரு கட்டுரைக் கொப்பியைக்கூட ஒழுங்காகத் திருத்த முடிவதில்லை. இது மனநோயா?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தூக்கக் குறைவுதான் தெரிகிறது, சகோதரி. 2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், நாளுக்கு ஆறு மணிநேரத்துக்கு மேல் அச்செய்தியில் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களைவிட மன உளைச்சல் கூடுதலாக இருந்தது.

பின்னூட்டம் இன்னும் மோசம். செய்தி ஓரிடத்தில் முடியும், சண்டை முடியாது. அம்பாறையை மறந்துவிட்டீர்களா? 2018 பெப்ரவரியில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக் கறியில் கருத்தடை மருந்து என்று வதந்தி பரவியது. பரிசோதித்தால் வெறும் மாக்கட்டி. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டாயிற்று. அவ்வருட வன்முறைகளில் தன் தளத்தின் பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்! இவர்கள் திருந்தும்வரை நீங்கள் விழித்திருக்கப் போகிறீர்களா?

இரவு எட்டு மணிக்குப் பின் செய்தி வேண்டாம். தொலைபேசி குசினியில் சார்ஜ் ஏறட்டும். பின்னூட்டம் பகலிலும் வேண்டாம்.

வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர் என்றால் இது பொருந்தாது. காற்று, மழைச் செய்தியை இரவிலும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள். 'கடல் வற்றுகிறதாம்' என்று எவரோ எழுதியதற்காகப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு ஓடாதீர்கள். கண்முன்னே கடல் வற்றினால் யாரையும் கேட்காமல் ஓடுங்கள், அது வேறு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அதே பின்னூட்டங்களுக்குள் 'மன அழுத்தமா? தனியாகப் பேசுவோம்' என்று ஒருவர் காத்திருப்பார். இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழ், பெயருக்கு முன்னால் கலாநிதி. முதல் வாரம் அன்பு, அடுத்த வாரம் வங்கிக் கணக்கு இலக்கம். அதற்குள் உங்கள் குடும்பக் கதை முழுவதும் குரல் பதிவாக அவர் கையில் இருக்கும். காசையும் கொடுத்து, கதையும் வெளியே போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் சதமும் கேட்க மாட்டார்கள். விடிய நம்பர் எடுத்து மத்தியானம்வரை வாங்கில் இருக்க வேண்டும், உண்மைதான். இத்தனை பேருக்கு இத்தனை குறைவான வைத்தியர்களைப் போட்டால் வேறென்ன நடக்கும்? வர முடியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகும் தூக்கம் வராவிட்டால் கிளினிக்குக்கு வாருங்கள். தொலைபேசியையும் கொண்டுவாருங்கள், எத்தனை மணிநேரம் பார்த்தீர்கள் என்று அதுவே சொல்லும்.