லூச்செஸ்குவின் மகன்

அன்புள்ள அண்ணா,

பல வருடங்களாக ரியாத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை காலைகளில் நம்மூர்க்காரர்கள் சேர்ந்து கால்பந்து ஆடுவோம், நான்தான் கீப்பர். 2019இல் அல்-ஹிலால் ஆசிய சாம்பியன் ஆன நாளில் தெருவெல்லாம் கார் ஹார்ன் சத்தம். அந்த அணியின் பயிற்சியாளர் ரஸ்வான் லூச்செஸ்கு ஒரு முன்னாள் கோல்கீப்பர் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். ஊரில் படிக்கும் என் மகனும் பள்ளி அணியில் கீப்பர். பின்னாளில் கோச் ஆக வேண்டும் என்கிறான். "கீப்பரா நிக்கிறவனுக்கு ஆட்டம் எங்கடா புரியப்போகுது" என்று கூட ஆடுகிறவர்கள் கேலி செய்கிறார்களாம். லூச்செஸ்குவைப் பற்றி அவனிடம் சொன்னேன். ஆனால் இங்கே என் நண்பர்கள், "அவங்க அப்பா மிர்ச்சா லூச்செஸ்கு. அப்பன் பேரு இருந்தா யாரு வேணா கோச் ஆகலாம்" என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் வாசகன்,
ரியாத்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகனுடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கீப்பருக்கு ஆட்டம் புரியாது என்பவர்களுக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். மைதானம் முழுவதையும் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பவர் கீப்பர் ஒருவர்தான், அதனால் அவருக்கே ஆட்டம் நன்றாகப் புரியும் என்பது அந்தப் பதில். எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. அது உண்மையானால் பெரிய கிளப்புகளின் பயிற்சியாளர்களில் பாதிப் பேராவது முன்னாள் கீப்பர்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் காரணம் புத்தியில் இல்லை, பயிற்சி நடக்கும் விதத்தில் இருக்கிறது. தொழில்முறை கிளப்புகளில் கீப்பர்கள் காலையில் தனியாகப் பிரிந்துபோய், கீப்பர் பயிற்சியாளரோடு தனி மூலையில் வேலை செய்கிறார்கள். மற்ற பத்துப் பேரும் அழுத்தம் கொடுப்பதையும் வரிசை நகர்த்துவதையும் பழகும்போது, இவர்கள் பந்தைப் பிடித்து, விழுந்து, எழுந்துகொண்டிருப்பார்கள். ஓய்வு பெற்றதும் கிளப் நிர்வாகம் நீட்டுவது கீப்பர் பயிற்சியாளர் வேலைதான். அங்கிருந்து தலைமைப் பயிற்சியாளர் நாற்காலிக்குப் போகிற வழியை யாரும் திறந்து வைப்பதில்லை.

இதைத் தாண்டிப் போனவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். டீனோ ஸோஃப் போன்ற மேதைகள் அதில் குறைவு. 1982இல் உலகக் கோப்பையைத் தூக்கிய அவர் 2000 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதி வரை இத்தாலியைப் பயிற்சியாளராக அழைத்துச் சென்றார், அது தனிக் கதை. நூனோ எஸ்பிரித்தோ சாந்தோவைப் பாருங்கள். 2004இல் போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக் வென்றபோது அவர் மாற்று கீப்பர். பிறகு நீங்கள் இருக்கும் சவுதியிலேயே அல்-இத்திஹாதுக்கு 2022-23 லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஹூலன் லொபெதேகி ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் பெரும்பாலும் பெஞ்சில் இருந்த கீப்பர். 2020இல் செவில்யாவோடு யூரோப்பா லீக் வென்றார். முதல் கீப்பருக்குக் காயம் படாத வரை தன் முறை வராது என்று தெரிந்தும், வாராவாரம் தயாராகி உட்கார்ந்து, பிறர் ஆடுவதைப் பார்க்கிற வாழ்க்கை இது. பத்து வருடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவனுக்கு, மேலே இருக்கும் பயிற்சியாளர் எங்கே தவறுகிறார் என்று கணக்குப் போட எக்கச்சக்கமாக நேரம் இருக்கிறது.

ரஸ்வானும் நட்சத்திர கீப்பர் கிடையாது. 1969இல் புக்கரெஸ்டில் பிறந்தவர். ஸ்போர்துல் ஸ்டுடென்செஸ்க், நாசியோனால், ப்ரஷோவ், ராபிட் என்று ருமேனியக் கிளப்புகளில் ஆடினார். அவர் ஆடிய காலத்தில் ருமேனிய தேசிய அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர்கள் சில்வியு லுங், போக்தான் ஸ்டெலியா, ஃப்ளோரின் ப்ரூனியா. ருமேனிய நட்சத்திரம் ஹாஜியின் தலைமுறை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த வருடங்கள் அவை. அந்த வெளிச்சம் ரஸ்வான் மேல் விழவில்லை.

ஆகவே மகனிடம் இதைச் சொல்லுங்கள்: கீப்பராக இருப்பது தடையில்லை, தனி மூலையிலேயே இருந்துவிடுவதுதான் தடை. வாரத்தில் ஒரு நாளாவது வெளி வீரனாக ஆடட்டும். தற்காப்பு வரிசை எப்போது மேலேறுகிறது, எப்போது பின்வாங்குகிறது என்று தன் கோச்சிடம் கேட்கட்டும். கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி உங்கள் நண்பர்களின் கேள்வி. மிர்ச்சா லூச்செஸ்கு 1970 உலகக் கோப்பையில் ருமேனியாவின் கேப்டன். பயிற்சியாளராக கலாதசராய், பெசிக்தாஷ் இரண்டையும் துருக்கி சாம்பியனாக்கியவர். உக்ரைனின் ஷக்தாரில் பன்னிரண்டு வருடம் இருந்து, 2009இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூயெஃபா கோப்பையையும் வென்றார். இப்படிப்பட்ட தகப்பனுக்கு மகனாக இருந்தால் முதல் வேலை சுலபமாகக் கிடைத்திருக்கும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். 2004இல், முப்பத்தைந்து வயதில், ராபிட் புக்கரெஸ்டின் பொறுப்பு ரஸ்வானுக்கு வந்தது. அதே ராபிட்டுக்குத் தகப்பனும் முன்பு பயிற்சியாளராக இருந்திருக்கிறார். பெயர் கதவைத் திறந்தது, சரி. திறந்த கதவுக்குள் போய் என்ன செய்தார்?

2005-06 யூயெஃபா கோப்பையின் பிரிவுச் சுற்றில் ராபிட்டும் ஷக்தாரும் ஒரே பிரிவில் வந்தன. ஷக்தாரின் பயிற்சியாளர் மிர்ச்சா. 1-0 என்று மகன் ஜெயித்தார். அந்தப் பிரிவில் இருந்த இன்னோர் அணி கிரேக்கத்தின் பாவோக், அதையும் ராபிட் தோற்கடித்தது. பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் வாழ்க்கையின் பெரிய வேலையை அந்தக் கிளப்பில்தான் செய்யப்போகிறோம் என்று அன்று அவருக்கு எப்படித் தெரியும். ராபிட் ஜெர்மனியின் ஹெர்தாவையும் ஹாம்பர்கையும் தாண்டிக் காலிறுதிக்குப் போனது. அங்கே எதிரே நின்றது சொந்த ஊர் எதிரி ஸ்டெயாவா. 1-1, 0-0. வெளியூர் கோல் விதியால் (மொத்தம் சமமானால் எதிரி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி) ராபிட் வெளியேறியது, அதுவும் அந்த இரண்டு ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல். ஆனால் 2006, 2007 இரண்டு வருடமும் ருமேனியக் கோப்பையை ராபிட் வென்றது.

இதற்குப் பின் வந்த பத்து வருடங்களைத்தான் உங்கள் நண்பர்கள் பார்ப்பதில்லை. என் மதிப்பில் அவர் யாரென்று காட்டுவது அந்த வருடங்களே. ராபிட்டிலிருந்து இரண்டாம் பிரிவில் இருந்த ப்ரஷோவுக்குப் போனார். 2008இல் அதை முதல் பிரிவுக்கு ஏற்றினார். 2009இல் தேசிய அணி. நாற்பது வயதில் ஒரு நாட்டின் பொறுப்பு, அதுவும் ஹாஜியின் தலைமுறை போன பிறகு தேய்ந்து கிடந்த அணி. அக்டோபரில் பெல்கிரேடில் செர்பியாவிடம் 5-0 என்று தோற்றார்கள். 2012 யூரோ தகுதிச் சுற்றும் அல்பேனியாவுடன் டிரா, பெலாரஸுடன் டிரா, பிரான்ஸிடம் தோல்வி என்றே தொடங்கியது. 2011இல் பதவியை விட்டார். மீண்டும் ராபிட், பிறகு கத்தாரில் எல் ஜைஷ், பிறகு பெட்ரோலுல். 2014இல் கிரேக்கத்தின் வடகிழக்கு மூலையில் ஸந்தி என்ற சின்னக் கிளப்.

தகப்பன் பெயரை நம்பி வாழ்கிறவன் ஸந்திக்குப் போக மாட்டான். தேசிய அணியைப் பார்த்த ஒருவர் கிரேக்க லீக்கின் நடு வரிசைக் கிளப்பில் மூன்று வருடம் உட்கார்ந்து வேலை செய்தார். 2015இல் அந்த அணியைக் கிரேக்கக் கோப்பை இறுதிக்கே கொண்டுபோனார், ஒலிம்பியாக்கோஸிடம் 3-1 தோல்வி. கோல் வாங்கிய கீப்பர் வலைக்குள் இருக்கும் பந்தைத் தானே எடுத்து நடுவட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பந்துக்கு நிற்க வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் பழக்கத்தை நான் ரஸ்வானின் அந்த வருடங்களில் பார்க்கிறேன்.

2017இல் பாவோக். இந்தக் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கான்ஸ்டான்டினோபிளிலிருந்து பெயர்க்கப்பட்டு தெசலோனிக்கிக்கு வந்த அகதிகள் 1926இல் தொடங்கியது. சின்னத்தில் இரட்டைத் தலைக் கழுகு, இழந்த மண்ணுக்கான துக்கமாகச் சிறகை மடக்கி இருக்கும். ஏதென்ஸ் கிளப்புகளின் ஆதிக்கத்தில் வடக்குக்கு எதுவும் விட்டுவைக்கப்படுவதில்லை என்ற ஆதங்கம் தூம்பா மைதானத்தின் ஒவ்வொரு படியிலும் இருக்கிறது. அதுவரை லீக் பட்டம் 1976இல் ஒன்று, 1985இல் ஒன்று, அவ்வளவுதான்.

2018 மார்ச் 11, ஏ.ஈ.கே ஏதென்ஸுடன் ஆட்டம். கடைசி நிமிடங்களில் பாவோக் போட்ட கோல் ஆஃப்சைட் என்று மறுக்கப்பட்டது. கிளப்பின் உரிமையாளர் இவான் சவ்விதிஸ் இடுப்பில் துப்பாக்கி உறையோடு மைதானத்துக்குள் இறங்கினார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. ஆட்டம் நின்றது, லீக்கையே அரசு நிறுத்தி வைத்தது. பாவோக்குக்கு 3 புள்ளிகள் வெட்டு, பட்டம் ஏ.ஈ.கே-வுக்கு. ஓர் அணி உள்ளுக்குள் உடைந்துபோக இதைவிட என்ன வேண்டும்? இரண்டு மாதத்தில் அதே ஏ.ஈ.கே-வைக் கோப்பை இறுதியில் 2-0 என்று வென்றார்கள். அடுத்த பருவத்தைத் தண்டனையால் 2 புள்ளி குறைவோடுதான் தொடங்கினார்கள். 30 ஆட்டம், 26 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லை. வாங்கிய கோல் 14. தோல்வியின்றிக் கிரேக்க லீக்கை வென்ற முந்தைய அணி 1963-64 பனத்தினைக்கோஸ். 34 வருடக் காத்திருப்பு முடிந்தது. கோப்பை இறுதியிலும் ஏ.ஈ.கே-வை 1-0 என்று வென்று இரட்டைப் பட்டம். பயிற்சியாளர் பதற்றத்தில் நடுங்கினால் அணியும் நடுங்கும். அந்த அணி நடுங்கவில்லை.

அங்கிருந்துதான் உங்கள் ரியாத்துக்கு வந்தார். 2019 கோடையில் அல்-ஹிலால் ஆசியப் போட்டியின் பிரிவுச் சுற்றைத் தாண்டியிருந்தது, அந்தப் பகுதிக்கான பெருமை முன்பிருந்தவர்களுடையது. ரஸ்வான் கையில் வந்தது நாக்-அவுட் சுற்றுகள். சாவி பயிற்றுவித்த கத்தாரின் அல்-ஸத்தை தோஹாவில் 4-1 என்று வென்று, ரியாத்தில் 4-2 என்று தோற்று, மொத்தம் 6-5 என்று இறுதிக்குப் போனார்கள். 2014இல் வெஸ்டர்ன் சிட்னியிடமும் 2017இல் ஜப்பானின் உரவாவிடமும் இறுதியில் தோற்ற கிளப் அது. மறுபடியும் உரவா. ரியாத்தில் 1-0. நவம்பர் 24 அன்று சைதாமாவில், உரவா ரசிகர்களின் அந்தச் சத்தத்துக்கு நடுவே, அணி அவசரப்படவில்லை. 74ஆவது நிமிடத்தில் சலீம் அல்-தவ்சாரி, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கோமிஸ். 2-0. நீங்கள் கேட்ட ஹார்ன் சத்தம் இதற்குத்தான்.

2020 செப்டம்பரில் நடந்ததை நண்பர்களுக்கு நினைவூட்டுங்கள். நடப்பு சாம்பியனாக தோஹாவுக்குப் போன அணியைக் கொரோனா பிடித்தது. கடைசிப் பிரிவு ஆட்டத்துக்கு 13 பேராவது பட்டியலில் இருக்க வேண்டும் என்பது விதி. இவர்களிடம் 11 பேர்தான். ஆசியக் கூட்டமைப்பு ஹிலாலைப் போட்டியிலிருந்து நீக்கியது, ஆடிய ஆட்டங்களும் செல்லாமல் போயின. எனக்கு இன்றும் மனம் ஆறாத முடிவு அது. அதே வருடம் சவுதி லீக்கும் மன்னர் கோப்பையும் வென்று கொடுத்தார். 2021 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

கிரேக்கத்திலோ சவுதியிலோ மிர்ச்சா ஒருபோதும் பயிற்சியாளராக இருந்ததில்லை. மகனுடைய பெரிய பட்டங்கள் எல்லாம் அந்த இரண்டு நாட்டில் வென்றவை.

2021இல் ரஸ்வான் பாவோக்குக்கே திரும்பினார். இரண்டு முறை ஐரோப்பாவின் கான்ஃபரன்ஸ் லீக் காலிறுதிக்குப் போனார்கள். அதில் ஒரு முறை, டினாமோ சாக்ரெப்பிடம் 2-0 தோற்ற பிறகு தூம்பாவில் 5-1 என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2024 மே 19, லீக்கின் கடைசி நாள். பட்டத்துக்கு வெற்றி தேவை, ஆட்டமோ அதே ஊர் எதிரி ஆரிஸின் மைதானத்தில். 2-1 என்று வென்றார்கள். பாவோக்கின் சரித்திரத்தில் லீக் பட்டங்கள் மொத்தம் நான்கு, அதில் இரண்டு இந்த முன்னாள் கீப்பர் வாங்கிக் கொடுத்தவை.

அன்புடன்.