விம் ஸ்கிரிப்டில் 2.75 + 1 ஏன் 3 ஆகிறது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பதாகவும், மல்லிகை எடையைத் தரும் பைத்தான் நிரலை விம் எடிட்டரில் ஜாப்_ஸ்டார்ட் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) மூலம் பின்னணியில் ஓடவிட்டதாகவும் கேட்டிருந்தீர்கள். வந்த 2.75 கிலோவோடு 1 கூட்டினால் 3 காட்டுகிறது, முக்கால் கிலோ எங்கே?

கூட்டலில் தப்பில்லை, தரவு வகையில்தான் சிக்கல். பின்னணி வேலையிலிருந்து சேனல் என்ற தொடர்பு வழியாக வருவது இயல்பாகவே வரிவரியாக, சரமாக (ஸ்ட்ரிங்) வரும். அதாவது உங்கள் கையில் இருப்பது எண் அல்ல, '2.75' என்ற எழுத்துகள். விம்மின் சொந்த நிரல்மொழியான பழைய விம் ஸ்கிரிப்ட், சரத்தை எண்ணாக்கும்போது முன்னால் இருக்கும் முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, புள்ளியோடு நின்றுவிடும். பிழைச் செய்தியும் வராது. எனக்கு இதுதான் வருத்தம், தராசு சத்தமில்லாமல் குறைத்துக் காட்டுவது மாதிரி. 2022-இல் வந்த விம்9 ஸ்கிரிப்டில் இதே கூட்டல் பிழை என்று நின்றுவிடும்.

தரவு வந்ததும் விம் தானாக அழைக்கும் கால்பேக் செயற்கூறுக்குள், வகையைச் சொல்லும் டைப் செயற்கூறை அழைத்துப் பாருங்கள். 1 வந்தால் சரம், 0 முழு எண், 5 தசம எண். எஸ்டிஆர்2ஃப்ளோட் போட்டு தசம எண்ணாக மாற்றிய பிறகு கூட்டுங்கள், 3.75 வரும். விலை, கடைப்பெயர் எல்லாம் சேர்த்து அனுப்புவதாக இருந்தால், பைத்தானில் ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரே வரியில் அச்சிட்டு இங்கே ஜேசன்_டீகோட் செய்யுங்கள். வகைகள் அப்படியே கிடைக்கும்.

அப்புறம், எடை தாமதமாக மொத்தமாக வந்தால் உடனுக்குடன் அனுப்பும்படி பைத்தானில் பிரிண்டுக்குள் ஃப்ளஷ் = ட்ரூ சேர்க்க மறக்காதீர்கள்.