அழுகிற குழந்தையும் அசையாத கேமராவும்

கேள்வி: வார இறுதி வந்தால் எங்கள் வீட்டில் குழந்தைகள் பாடும் போட்டி நிகழ்ச்சிதான். மாமியார், நாத்தனார், கணவர் எல்லோரும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். தோற்றுப்போன குழந்தை அழும்போது எனக்கு மட்டும் அங்கே உட்கார முடிவதில்லை, எழுந்து போய்விடுகிறேன். "உனக்கு ரசனையே கிடையாது" என்கிறார்கள். பத்து வயது மகனுக்கு 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற பழைய இத்தாலியப் படத்தைப் போட்டுக் காட்ட நினைத்தால், "சின்னப் பையனிடம் போய் இவ்வளவு சோகத்தைக் காட்டுவார்களா?" என்று கணவர் தடுக்கிறார். மகனோ ஒரே காமிக்ஸ் புத்தகத்தை நைந்துபோகும்வரை படிக்கிறான். எனக்கு அது குப்பையாகத் தெரிகிறது. இப்போது ஆறு வயது மகளை அந்தப் போட்டிக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. என் பார்வைதான் கோணலா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கோணல் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று கருத்துகள் இருக்கின்றன. இரண்டில் நான் உங்கள் கட்சி. மூன்றாவதில் உங்கள் மகனின் கட்சி.

முதலில் அந்தப் போட்டி. அடுத்த முறை எழுந்து போகாமல் ஒரே ஒருமுறை உட்கார்ந்து, முடிவு அறிவிக்கிற அந்தச் சில நிமிடங்களை மட்டும் கவனியுங்கள். நடுவர் உறையைப் பிரிப்பார், பிரித்துக்கொண்டே இருப்பார். பின்னணி இசை அடங்கிவிடும். மேடையில் நிற்கிற குழந்தையின் உதட்டருகே கேமரா நெருங்கும். பிறகு கீழே வரிசையில் இருக்கும் தாயின் முகம். மறுபடி குழந்தையின் உதடு. பாட்டு எப்போதோ முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. அப்புறம் எதற்கு இந்தத் தாமதம்? அந்த உதடு பிதுங்குவதற்காகத்தான். உங்களை எழுந்து போகச் செய்வதும் அதுவே. அதற்கு ரசனைக் குறைவு என்று பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

"நீ சொல்கிற படத்திலும் பையன் அழுகிறானே" என்று உங்கள் கணவர் மடக்கலாம். அழுகிறான்தான். வேலைக்குத் தேவையான சைக்கிளைத் திருட்டுக்கொடுத்த அப்பாவும் மகனும் அதைத் தேடி அலைகிற கதை அது. 1948-இல் இயக்குநர் விட்டோரியோ டி சிகா எடுத்த அந்தப் படத்தில் அப்பாவாக வந்தவர் நிஜத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி. மகனாக வந்த சிறுவனும் அதற்குமுன் நடித்தவன் இல்லை. ஆனால் அந்தப் படம் அவனை அழவைத்து வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை. பெரும்பாலான நேரம் பார்ப்பதே அவன்தான். உணவகக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆத்திரத்தில் மகனை அறைந்துவிட்ட அப்பா, சமாதானம் செய்யச் சக்திக்கு மீறிய இடத்துக்கு அழைத்துப் போகிறார். பக்கத்து மேசையில் ஒரு பணக்காரப் பையன். இவன் சாப்பிட்டுக்கொண்டே திரும்பித் திரும்பி அவனைப் பார்க்கிறான். அவன் கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுகிறான்; இவனுக்கு அது பழக்கமில்லை. அந்தப் பார்வையிலேயே, தன் அப்பாவின் நிலைமை மகனுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் கண் வழியாக நமக்கும்.

குழந்தைகள் வருகிற எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: அந்தக் குழந்தைக்குச் சொந்தமாக ஒரு பார்வை இருக்கிறதா, இல்லை நாம் பார்த்து உருகுவதற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களா? பெரியவர்களின் வசனத்தை மழலையில் பேசிக் கைதட்டல் வாங்கும் குழந்தைகள், கதாநாயகனுக்குக் கோபம் வருவதற்காகவே இரண்டாம் பாதியில் கடத்தப்படும் குழந்தைகள் எல்லாம் எனக்கு இரண்டாவது வகைதான். எத்தனை நாள் ஓடிய படமாக இருந்தாலும் சரி.

அதற்காக, சினிமா என்றாலே குழந்தைகளுக்குப் பத்திரமான இடம் என்று சொல்ல வரவில்லை. 1921-இல் சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்து உலகத்தையே அழவைத்த ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு பார்த்தால் சம்பாதித்ததில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. 1938-இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குப் போட்டார். கிடைத்தது சொற்பம். அந்த வழக்கின் சூட்டில்தான், குழந்தை நட்சத்திரங்களின் வருமானத்தில் ஒரு பங்கை அவர்கள் பெயரில் ஒதுக்கிவைக்க வழிசெய்யும் சட்டம் 1939-இல் கலிஃபோர்னியாவில் வந்தது. பெற்ற தாயே கூடவே இருந்தும் இந்தக் கதி.

ஆகவே மகள் விஷயத்தில், "அந்த நிகழ்ச்சியே மட்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மாமியார் ரசிப்பது அந்தக் குழந்தைகளின் குரலை. அதில் தப்பு காண ஒன்றுமில்லை. கேள்விகளாகக் கேளுங்கள். ஒளிப்பதிவு இரவு எத்தனை மணிவரை நடக்கும்? இடைவேளையில் குழந்தையோடு யார் இருப்பார்கள்? தோற்றால் அழுதுகொண்டு உள்ளே ஓடிவிடலாமா, இல்லை கேமரா முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசியாக வேண்டுமா? அந்தத் துண்டுக் காட்சியைப் பிறகு எங்கெல்லாம் ஓட்டுவார்கள், வேண்டாம் என்றால் எடுப்பார்களா? ஒப்பந்தத்தை யாராவது முழுக்கப் படித்தார்களா? இவற்றுக்கு உங்கள் நாத்தனாரிடம் பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே பாடட்டும், பாட்டி கேட்கட்டும். ஆறு வயதுக் குழந்தை "போகிறேன்" என்று தலையாட்டுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தை ஆசையாகக் கேட்டால் எதற்கும் தலையாட்டுகிற வயது அது.

அடுத்து சோகம். குழந்தைகளுக்கு எது தாங்கும் என்று முடிவுசெய்யும்போது, பெரும்பாலும் நமக்கு எது தாங்காது என்பதையே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஹான்சல், கிரெட்டல் கதை 1812-இல் முதல் பதிப்பாக வந்தபோது, பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடச் சொல்பவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பசி, காடு, சூனியக்காரி, எரிகிற அடுப்பு எல்லாம் அப்படியே இருந்தன. மாறியவள் தாய் மட்டும்! அந்தத் திருத்தத்தில் நிம்மதி அடைந்தது குழந்தைகளாக இருக்காது என்பது என் சந்தேகம்.

உங்கள் கணவருக்கும் அந்தப் படத்தில் சங்கடம் தருவது, மகன் கண்ணெதிரே அப்பா திருடிப் பிடிபடும் இடமாக இருக்கலாம். எந்த அப்பாவுக்கும் அது லேசான காட்சி இல்லை. அவரையும் கூட உட்காரச் சொல்லுங்கள். பையன் பாதியில் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். "அந்த அப்பா கெட்டவரா?" என்று அவன் கேட்டால், பதிலை உங்கள் கணவரே சொல்லட்டும்; நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக அந்தக் காமிக்ஸ். அதை நீங்கள் எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. அட்டையோடு நிறுத்திவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. நைந்துபோகும்வரை ஒரு புத்தகத்தைப் படிப்பவனுக்கு அதில் ஏதோ இருக்கிறது. படக் கட்டங்களின் மூலையில் ஒளிந்திருக்கும் சின்ன வேடிக்கைகளா, வசனமா, வில்லனா, அவனுக்குத்தான் தெரியும். உங்கள் ரசனையை வீட்டார் மதிக்கவில்லை என்று வருந்துகிற நீங்கள், அவனுடையதை ஒரே சொல்லில் தள்ளியது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அவனுக்கு மிகவும் பிடித்த பக்கம் எது என்று கேட்டு, அதையாவது படித்துப் பாருங்கள். படித்த பிறகும் குப்பை என்று தோன்றினால் அவனிடமே தாராளமாகச் சொல்லலாம். பத்து வயதுப் பையன், பதிலுக்கு வாதாடாமல் விடமாட்டான்.