ஒருவர் உச்சரிப்பதை வைத்தே அவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று சொல்லிவிட முடியுமா?

ஊரை ஓரளவு சொல்லலாம். சாதியை ஊகிப்பவர்கள் உண்டு. அந்த ஊகத்தோடு ஒரு எடைபோடலும் சேர்ந்தே வரும். எனக்கு வலிப்பது அதுதான்.

நான் நெல்லைப் பக்கம். 'வாழைப்பழம்' என் வாயில் 'வாளப்பளம்' என்றுதான் வரும். கல்லூரி விடுதியில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துச் சிரித்தார்கள். அப்புறம் ரொம்ப நாள் ழகரம் வரும் சொல்லையே தவிர்த்துப் பேசினேன்.

ஆனால் தூய தமிழ் என்று நாம் கொண்டாடும் யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. அதே சமயம், 'காற்று' என்பதில் வரும் ற்றகரத்தை அவர்கள் நாக்கு நுனி மேல் ஈறைத் தொடப் பழைய முறையில் சொல்கிறார்கள். மலையாளத்திலும் அப்படித்தான். நாம் அதைக் 'காத்து' ஆக்கிவிட்டோம். அதற்காக நம்மை யாரும் திருத்துவதில்லையே!

சாதிக்கு வருவோம். 1960களில் மொழியியலாளர்கள் வில்லியம் பிரைட்டும் ஏ. கே. ராமானுஜனும் தமிழ், கன்னடச் சாதி வழக்குகளை ஒப்பிட்டு எழுதினார்கள். தமிழில் பிராமணர் பேச்சில் ழகரம் மாறாமல் நிலைத்தது, மற்றவர்கள் பலரிடம் மாறியது. கன்னடத்தில் பாலுக்கு 'ஹாலு'. அதை 'ஆலு' என்று சொல்பவரைப் படிக்காதவர் என்று நினைத்துவிடுகிறார்கள். நாக்கில் குறை ஒன்றும் இல்லை. ஏடும் பள்ளியும் யாருக்குக் கிடைத்தன, யார் யாரோடு புழங்கினார்கள் என்பதுதான் காரணம்.

மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி 1958இல் எழுதியது இதற்கு நல்ல சான்று. அங்கே வேலைக்காக எல்லாச் சாதியாரும் தினமும் சந்தித்தார்கள், பேசினார்கள். அந்தப் பழக்கம் பேச்சை ஒன்றாக்கவில்லை. கூடி உட்கார்ந்து சிநேகமாகப் பேசிக்கொண்டவர்கள் யாரோ, அவர்களுடைய ஒலிகள்தான் நெருங்கி இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. தீண்டாமை ஒலியிலும் பதிந்து கிடக்கிறது.

இதெல்லாம் வெறும் கேலியோடு நிற்பதும் இல்லை. 1983 ஜூலை வன்முறையில் இலங்கையில் பேருந்துகளை மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொன்னார்கள். 'பஸ்' என்பதில் வரும் பகர ஒலியைச் சொல்லின் முதலில் சரியாகக் கொண்டுவர முடியாதவர்கள் தமிழர்கள் என்று அடையாளம் காணப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இப்போது நான் மேடையில் வாசிக்கும்போது ழகரத்தைக் கவனித்துச் சொல்கிறேன், அந்த ஒலி எனக்கும் பிடிக்கும். வீட்டில் என் மகளிடம் 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறேன். அவளும் அப்படியே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.